அவள் முணுமுணுப்பது மேஜரா மைனரா

என் மனைவிக்குப் பாட்டு வராது. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். கொலுவுக்குக் கூப்பிட்ட வீடுகளில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னால், சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு கையை ஆட்டித் தப்பித்துவிடுவாள். ஆனால் வெங்காயம் நறுக்கும்போதும் பால்கனியில் துணி உலர்த்தும்போதும் வாயை மூடியபடி ஒரு மெட்டை முணுமுணுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதே மெட்டுதான். சினிமாப் பாட்டும் இல்லை, சாமி பாட்டும் இல்லை. எங்கே பிடித்தாய் என்று கேட்டால், "நான் எங்கங்க பாடினேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

துபாய் கராமாவில் எங்கள் வீடு ஒரு படுக்கையறை, ஒரு ஹால். சமையலறையில் என்ன நடந்தாலும் ஹாலுக்குக் கேட்டுவிடும். வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தால், வீட்டில் வம்பு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை. போன வருஷம் ஒரு வாரம் முழுக்க அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்ஜினியர். ஆலைகளில் குழாய்க்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம், சூடு இவற்றை வெளியே காட்டுகிற மீட்டர்கள் பொய் சொல்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு. என் கம்பெனி துபாய் கிளையை மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு, என்னை சவுதியில் ஜுபைலுக்கு வரச் சொன்னது. கேம்ப்பில் தனி ரூம், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. நான் அங்கே போனால் மனைவியும் மகளும் திருச்சிக்குப் போக வேண்டும். போகமாட்டேன் என்றால் வேலை அதோடு கலாஸ். விசா முடிவதற்குள் இங்கேயே வேறு வேலை தேட வேண்டும், கிடைத்தால் உண்டு. அடுத்த வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னேன். பாதியில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கென்ன? எங்க இருந்தாலும் சமைக்கணும், துவைக்கணும்."

இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எந்த முடிவுக்கு வருவது? சம்மதமா, கோபமா, சலிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. எரிச்சல்தான் வந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவேன், போங்கள் என்று சொன்னால் கிளம்பிவிடுவேன். இரண்டையும் சொல்லாமல் அவள் ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். போன கொஞ்ச நேரத்தில் அந்த முணுமுணுப்பும் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது.

எங்கள் மகள் ஆறாம் வகுப்பு. கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். ஹாலில் சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் அந்தக் கீபோர்டை நிறுத்திய பிறகு நாங்கள் பக்கவாட்டில்தான் நடக்கிறோம். அவளுக்கு கிரேடு எக்ஸாம் வந்துகொண்டிருந்தது. அதில் டீச்சர் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திக் காட்டுவாராம். கேட்கிற பிள்ளை அது மேஜரா மைனரா என்று சொல்ல வேண்டுமாம்.

"கண்ணை மூடிக்கோங்கப்பா. இது ஹேப்பியா, சேடா?" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

முதலில் அழுத்தியது நன்றாக, விடிந்தாற்போல இருந்தது. ஹேப்பி என்றேன். அடுத்ததைக் கேட்டதும் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. சேட் என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால், நடுவிரலை மட்டும் பக்கத்திலிருந்த கறுப்புக் கட்டைக்கு இறக்கியிருந்தாள். மற்ற இரண்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு விரல் ஒரு கட்டை நகர்ந்ததற்கு என் தொண்டை ஏன் அடைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த மைனர்கள் எல்லாம் சில்க் ஜிப்பா போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றபடி திரிகிறவர்கள். அவர்களில் ஒருவரையும் நான் சோகமாகப் பார்த்ததில்லை.

"மேஜர்னா ஹேப்பி, மைனர்னா சேட். அவ்ளோதான்பா," என்றாள். பிறகு காதைச் சமையலறைப் பக்கம் சாய்த்து, கீபோர்டில் இங்கும் அங்கும் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா பாடறது மைனர்," என்றாள். பென்சிலை எங்கே வைத்தேன் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இத்தனை வருஷம் எதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு ஷூவைக் கழற்றினேனோ அது சோகமா? அவள் வந்த நாளிலிருந்தே இப்படித்தானா? அப்படியென்றால் ஊருக்குப் போகத் தவிக்கிறாள், ஜுபைல் வேலையை ஒப்புக்கொண்டு இவளை அனுப்பி வைப்பதுதான் நியாயம் என்று ஒரு கணக்கு ஓடியது. உடனே இன்னொரு கணக்கும் வந்தது. என்னைப் பிரிய வேண்டுமே என்பதுதான் சோகமாக இருந்தால்? ஆனால் இந்த மெட்டு ஜுபைல் பேச்சு வருவதற்கு முன்பும் இதே மெட்டுதானே? ஒரே மீட்டர் மூன்று அளவு காட்டினால், வேலையில் நான் அதைக் கழற்றித் தூர வைத்துவிடுவேன். இதைக் கழற்ற முடியவில்லை.

மறுநாள் மெட்ரோவில் நின்றுகொண்டே, எனக்குப் பிடித்த பாட்டுகளாகப் பார்த்து மகளுக்கு அனுப்பினேன். எது மேஜர், எது மைனர் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பதில் போட்டாள். அதைப் படித்ததும் இருந்த தெளிவும் போய்விட்டது. கல்லூரிச் சுற்றுலாவில் பஸ் கூரையைத் தட்டித் தட்டி நாங்கள் ஆடிய குத்துப்பாட்டு மைனராம். கேட்கும்போதெல்லாம் என் கண் கலங்குகிற தாலாட்டு மேஜராம். இவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கட்டின ஃபீஸ் தண்டம் என்று முதலில் தோன்றியது. பிறகு, அந்தப் பஸ்ஸில் நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்த வருஷம் எனக்கு இரண்டு பாடத்தில் அரியர்.

சனிக்கிழமை வகுப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். டீச்சர் பிலிப்பைன்ஸ்காரப் பெண், சிரித்த முகம். பெற்றவர்கள் வந்தால் பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்றுதான் கேட்பார்கள். நான் என் மனைவியின் முணுமுணுப்பு சோகமா என்று கேட்டேன். பாவம், அவர் முதலில் எனக்கு ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்திருக்க வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

மகள் அம்மாவின் மெட்டை வாசித்துக் காட்டினாள். வெள்ளைக் கட்டைகளிலேயே அடங்கிவிட்டது, மொத்தம் ஐந்து ஸ்வரம். டீச்சர் இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, அதற்கு அடியில் ஒரு மேஜர் கார்டை வைத்தார். மெட்டு, குளித்துவிட்டுப் புதுத்துணி போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பிறகு மகளை அதே மெட்டை வாசிக்கச் சொல்லி, இடது கையை இரண்டு கட்டை கீழே இறக்கி ஒரு மைனர் கார்டை வைத்தார். மகள் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டுத் தனியாக டாக்ஸி ஏறுகிறவன் ஞாபகம் எனக்கு வந்தது. எது சரி என்று கேட்டேன். இரண்டுமே பொருந்தும் என்றார். பாட்டு சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் எந்த ஸ்வரத்தில் உட்காருகிறதோ அதுதான் அதன் வீடு, அதைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம் என்றார். பிறகு என்னிடம், அதை உங்கள் மனைவியிடமே கேட்கலாமே என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் மகள் அந்தச் சிக்கலைச் சொன்னாள். "அப்பா, அம்மா அதை முடிச்சு நான் கேட்டதே இல்ல."

நானும் கேட்டதில்லை. குக்கர் விசிலடிக்கும், போன் அடிக்கும், கீழே சூப்பர் மார்க்கெட் பையன் பெல் அடிப்பான், நான் டீ கேட்பேன். ஒவ்வொரு முறையும் மெட்டு நடுவில் அறுந்துபோகும். அப்புறம் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பாள். ஆக, இந்த வீட்டில் யாரும் அவளை முடிக்க விடவில்லை. அது என் மனதை உறுத்தியது. அதே சமயம் அளப்பதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று ஓர் உற்சாகமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை திட்டம் போட்டோம். அவளுடைய போனையும் என் போனையும் சைலன்ட்டில் போட்டேன். பெல்லின் ஒயரைப் பிடுங்கினேன். மகள் கீபோர்டுக்கு முன்னால் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தாள். மனைவி குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டுப் பால்கனிக்குத் துணி உலர்த்தப் போனாள். முணுமுணுப்பு ஆரம்பித்தது. குக்கர் உஸ்ஸென்று மூச்சுவிடத் தொடங்கியதும் நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

மெட்டு ஒரு சுற்று வந்தது. இறங்கி உட்காரப் போகிற மாதிரி வந்து, உட்காராமல் மறுபடி மேலே ஏறியது. இரண்டாம் சுற்றும் அப்படியே. மகள் உதட்டைப் பிதுக்கினாள். பால்கனிக் கதவுக்குப் பின்னால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நான் மூச்சை அடக்கி நின்றேன். ஒரு பெட்ஷீட் முழுக்க உதறி விரித்தாகிவிட்டது, இன்னும் முடிக்கவில்லை. பிறகு சட்டென்று நின்றது. அது முடிவா, இல்லை கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டாளா என்று எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க ஒளிஞ்சு நிக்கிறீங்க? குக்கர் ஏன் இன்னும் விசில் விடல?"

சமையலறைக்குப் போய்ப் பார்த்தவள் திரும்பி வந்தாள். "அடுப்பை யாரு அணைச்சது?"

மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கை காட்டினாள். வேறு வழி இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மேஜர், மைனர், டீச்சர், ஐந்து ஸ்வரம், எங்கே உட்காருகிறது என்று பார்ப்பது, எல்லாம். கேட்கக் கேட்க முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"சோகம்னு அந்தக் கீபோர்டு சொன்னா ஒரு முடிவு, சந்தோஷம்னு சொன்னா ஒரு முடிவு. அப்படித்தானே?"

"அப்படி இல்ல. நீ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. அதான்..."

"நீங்க சொன்னீங்களா? கேம்ப் சொன்னீங்க, ரூம் சொன்னீங்க, விசா சொன்னீங்க. உங்களுக்குப் போகணுமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லல. நீங்க பாடவும் மாட்டீங்க. உங்களை நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாரமாகக் குடைந்தவன், எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு முறைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று யோசித்தேன். ஜுபைலில் அந்த ரூமில் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவதை நினைத்துப் பார்த்தேன். அங்கே ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எனக்குப் போகப் பிடிக்கல," என்றேன். குரல் உடைந்ததில் எனக்கே வெட்கமாக இருந்தது. "தனியா இருக்கப் பயமா இருக்கு. இங்கயே இருந்து வேலை கிடைக்காமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு, அதுவும் பயமா இருக்கு."

அவள் கையில் இருந்த ஈரத் துணியை மகளின் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். மகள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போகாதீங்கன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்," என்றாள் மனைவி. "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நாளைக்கு வேலை கிடைக்காம நீங்க வீட்ல உக்காந்திருக்கும்போது, இவ பேச்சைக் கேட்டுத்தானேன்னு என்னை ஒரு பார்வை பார்ப்பீங்க பாருங்க. அதை என்னால தாங்க முடியாது. அதனாலதான் முழுங்கிட்டேன்."

அப்படியெல்லாம் பார்க்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த பிறகு, பார்ப்பேன் என்று தோன்றியது. என்னை எனக்குத் தெரியும்.

"பார்த்தாலும் பார்ப்பேன்," என்றேன்.

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் புரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பார்த்தா பாருங்க," என்றாள். "ஆனா போகாதீங்க."