ஆற்றங்கரையில் வற்றுக்குக் காத்திருந்தோம்

கருவாட்டு வாடை அடிக்கும் காரில் நீங்கள் எப்போதாவது தூரப் பயணம் போயிருக்கிறீர்களா? வெயில் ஏற ஏற இருக்கைத் தோலுக்குள்ளிருந்து அது கிளம்பி, தலைமயிரிலும் சட்டையிலும் பிடித்துக்கொண்டு, மூன்று நாள் குளித்தாலும் போகாது. பேசாலையில் இரண்டு வள்ளமும் ஒரு கரைவலையும் வைத்திருந்த "சம்மாட்டி"யான என் அப்பா, கிழமை முழுக்கக் கருவாட்டுச் சிப்பம் ஏற்றிய அந்தப் பழைய ஒஸ்ரின் காரை ஞாயிற்றுக்கிழமை கழுவி, எங்களைப் பூசைக்கு ஏற்றிப்போவார். மாதா கோயிலில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்க யாருக்குத்தான் மனம் வரும்!

எனக்கு ஒன்பது வயதாயிருந்த ஓர் ஐப்பசித் தொடக்கத்தில் கற்பிட்டியிலிருந்து தந்தி வந்தது. அம்மாவின் தகப்பனுக்கு வருத்தம் கடுமை, மகளைக் கேட்கிறார் என்று. கடல்காரனைக் கட்டினாள் என்பதற்காகப் பத்து வருடமாக மகளோடு பேசாத மனிதர் அவர். ரயிலில் போனால் சுற்றிவளைத்து இரண்டு நாள் ஆகும். சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி தாண்டிக் காட்டுப்பாதையால் போனால் ஒரே பகல். அம்மா அழவில்லை. கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு, "இஞ்சாருங்கோ, ஐயான்ரை வாயாலை ஒருக்கா 'பிள்ளை' எண்டு கேட்டிடோணும். வேறை ஒண்டும் வேண்டாம் எனக்கு" என்றார்.

விடியவே புறப்பட்டோம். எங்கள் தீவின் பாலம் கடந்து, வங்காலைப் பரவையில் ஒற்றைக் காலில் நின்ற நாரைகளை எண்ணித் தோற்று, மெலிந்துபோய்க் கிடந்த அருவியாற்றைத் தாண்டி, மறிச்சுக்கட்டிக்கு அப்பால் காட்டுக்குள் நுழைந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பனையும் உடையும் பெருக்கமரமும் தவிர வேறு மரம் காணாதவள் நான். பாலையும் வீரையும் வானத்தை மூடி நிற்க, மான்கள் பாதையோரம் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. ஒரு நீர்நிலையின் கரையில் முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்தது. அம்மாவின் துக்கம் எனக்கு அடியோடு மறந்துபோயிற்று. இதை எழுதும்போதும் கூசுகிறது.

பத்து மணியளவில் ஆறு குறுக்கிட்டது. தண்ணீர் மேலால் ஓடும்படி தாழ்வாகக் கட்டிய "சப்பாத்துப் பாலம்". அதன்மேல் கணுக்காலளவு வெள்ளம், இருபக்கமும் வெள்ளை பூசிய கட்டைகள். அம்மா காருக்குள் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்க, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போனார். அங்கே மாடு மேய்த்து நின்ற முஸ்லிம் பெரியவர், "முதலாளி, போறதெண்டா இப்பவே போங்க. மேல நல்ல மழை. கொஞ்சத்தால ஆறு விடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "அக்கரையில ஆனை குட்டியோட தண்ணிக்கு வாற நேரம், தங்கச்சி" என்றார்.

அப்பா தயங்கினார். "பயமோ பிள்ளை?" என்று கேட்டார். வள்ளத்தின் முன்நுனியான அணியத்தில் ஏறி நின்று ஆடுகிறவளுக்கு இந்தக் கணுக்கால் தண்ணீரா பயம்? ஆனால் "ஓமப்பா, பயமாக் கிடக்கு" என்றேன், சத்தமில்லாமல், முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டு. பொல்லாத பிள்ளை நான்.

அப்பா காருக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "இப்ப பெருக்கு. ரெண்டு மூண்டு மணித்தியாலத்திலை வத்திடும், வத்தினாப் பிறகு போவம்." பிறந்த நாள்முதல் ஏறினால் இறங்கும் தண்ணீரை மட்டுமே கண்ட மனிதர். எங்கள் தீவில் எல்லோரும் அப்படித்தான். கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் பார்த்துத்தான் வள்ளம் தள்ளுவோம். "இதென்ன கடலோ?" என்று அம்மா கேட்டார். "தண்ணியைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதையும்" என்றார் அப்பா.

யானை வந்தது. நான்கு பெரியவை, நடுவில் ஒரு குட்டி. குட்டி வழுக்கி விழ, தாய் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தியது. என் வாழ்நாளில் நான் கண்ட மிக அழகான காட்சி அதுதான், என்ன செய்ய! கைதட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வெள்ளைக் கட்டைகளில் பாதியைக் காணவில்லை. வெள்ளம் மண்ணிறமாகி, மரக்கொப்புகளை உருட்டிக்கொண்டு இரைந்தது. அம்மா தம்பியை என் மடியில் போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீர்வரை இறங்கிவிட்டார். அப்பா ஓடிப்போய் இழுத்துவந்தார். காரைத் திருப்பினோம்.

மறுநாள் இரண்டாவது தந்தி வந்தது. நாங்கள் திரும்பிய அன்று மாலையே அம்மாவின் ஐயா போய்விட்டாராம், கடைசிவரை வாசலைப் பார்த்தபடி.

அதன்பிறகு முப்பது வருடம், கறியில் உப்புக் கூடினாலும் வலை கிழிந்தாலும் அம்மாவின் வாயில் வருவது ஒன்றுதான்: "பெரிய தண்ணி படிச்ச மனுசன்!" அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். "பிள்ளை பயந்தவள்" என்று ஒருநாள், ஒரேயொருநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து சோறு தின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரையடி ஏசினனான்?" என்று கேட்டார். அதன்பின் அவர் இருந்த நான்கு வருடமும் அந்த ஆற்றின் கதை எங்கள் வீட்டில் வரவில்லை.

யுத்த காலத்தில் மூடிக்கிடந்த அந்தப் பாதையால் போன வருடம் மகனின் வான் வண்டியில் போனேன். அந்த மாட்டுப்பட்டியும் இல்லை, மாடு மேய்த்தவரும் இல்லை. அக்கரை மரங்களும் பழைய அடர்த்தியில் இல்லை. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மகன் வேகத்தைக் குறைத்து, "கொஞ்சம் நிப்பாட்டட்டோ அம்மா? ஆனை வந்தாலும் வரும்" என்றான்.

"வேண்டாம் ராசா, நிக்காதை. போ" என்றேன்.