தந்தி வந்த வீடு

வெட்கத்தில் இதை நாலு வருசம் எழுதாமல் விட்டிட்டன். முருகன் மன்னிக்கட்டும்.

1994 நவம்பர் பதினொண்டு, பகல் பதினொரு மணி. கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு நான் போற ஸ்ரீற்கார், தண்டவாளத்தில் ஓடுற பஸ், நடுத்தெருவில் நிற்குது. போரில் செத்த கனடாக்காரருக்காக எல்லாரும் இரண்டு நிமிசம் மௌனமாய் இருக்கினம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, கோட்டில் செத்தவையின்ரை நினைவுக்குக் குத்துற சிவப்புப் பூ. மௌனம் முடிய, "என்ரை அண்ணன் ஐம்பது வருசத்துக்கு முந்திச் சண்டையில் இத்தாலியில் செத்தவன்" எண்டுறா.

"நாள் தெரியுமோ, அம்மா?" அரைகுறை இங்கிலிசில் கேட்கிறன்.

"தந்தியில் இருந்தது. அவன் ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. தந்தி மட்டும் சுணங்காமல் வந்தது." சிரிக்கிறா.

பொறாமையில் எனக்கு நெஞ்சு எரியுது. எங்கடை நாட்டில், பரந்தனில் குண்டு விழுற செல்லடிக்குள்ளை அம்பிட்டுச் செத்த என்ரை தம்பி செல்வத்துக்குத் தந்தியும் இல்லை, உடலும் இல்லை. திதி தெரியாமல் திவசம் செய்ய ஏலாமல் இருக்கிறன்.

"உனக்கும் ஆரும் செத்ததோ?"

"ஓம், என்ரை தம்பி."

"எப்ப?"

நான் அடுத்த தரிப்பில் இறங்கிறன்.

வாசிக்கிறவை தெரிஞ்ச ஆக்களுக்கும் இதைக் குடுங்கோ. பேரையும் ஊரையும் மாத்தாதேங்கோ, என்ரை பொறாமையையும் வெட்டாதேங்கோ. செல்வத்தைக் கடைசியாய்க் கண்ட ஆரின்ரையும் கையில் இது கிடைச்சால், எனக்கு அவன் செத்த நாளை மட்டும் சொன்னால் போதும்.