கும்மாளம் போட்ட தண்ணீர்

நேற்று எங்கள் தெருவில் உமி மூட்டை ஒன்று ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வாய் பிளந்தது. மழைத்தண்ணீர் ஓடிய சாக்கடையில் உமி சுழன்று சுழன்று போனது. குடையும் கையுமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். "நீங்க போங்க சார், நான் அள்ளிக்கிறேன்" என்றார் ஸ்கூட்டர்காரர். நான் நின்றது வீரையனுக்காக என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வெகுகாலத்துக்கு முன், திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஆற்றோரம் எங்கள் பாசன ஆராய்ச்சி அலுவலகத்துக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. மதகைத் தாண்டி விழும் தண்ணீர் எப்படிக் கலங்கிச் சுழன்று அடிமண்ணைப் பறிக்கிறது என்று ஆராய, கண்ணாடிச் சுவர் வைத்த நீண்ட வாய்க்கால் ஒன்று கட்ட வேண்டும். வடிவமைப்பு என் பொறுப்பு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கஞ்சி போட்ட சட்டை, அதைவிட விறைப்பான தலைக்கனம். வீரையனுக்கும் என் வயதுதான். குடவாசல் பக்கத்து விவசாயக் கூலி. சங்கத்தில் சேர்ந்து கொடி பிடித்ததற்காக வயலில் இறங்கக்கூடாது என்று மிராசுதார் சொல்லிவிட, எங்களிடம் தினக்கூலியாக வந்திருந்தார்.

வருகிற தண்ணீரை ஒழுங்குபடுத்த கட்டிய வாய்க்காலின் நுழைவாயிலில் மூன்று கம்பிவலை வைத்திருந்தேன். தண்ணீர் ஒழுங்காகவே போனது, ஆராயத்தான் ஒன்றுமில்லை. வீரையன் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து ஒரு பிடி உமி கொண்டுவந்து தூவினார். அதுவும் வரிசை குலையாமல் போனது.

"தண்ணிய பள்ளிக்கூடத்துல உக்கார வச்சிட்டீங்க சார். ரெண்டு வலைய எடுத்துட்டு அடியில சல்லி பரப்புங்க. கும்மாளம் போடும் பாருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் செய்து பார்த்தேன். உமி குட்டிக்கரணம் அடித்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் 'கும்மாளம்' என்றே எழுதினேன். மேலதிகாரி அழிக்கச் சொன்னார், அழித்தேன்.

அந்த அறுவடையில் வீரையன் ஊரில் கூலித் தகராறு முற்றியது. போலீஸ் தெருவுக்குள் வந்து ஆண்களைப் பிடித்துப் போவதாகச் செய்தி. வீட்டில் நிறைமாத மனைவி தனியாக இருந்தார். கூட்டிவரக் கிளம்பிய வீரையன் என் மேசைக்கு வந்தார்.

"இங்க வேலையில இருக்கேன்னு முத்திரை வச்சு ஒரு கடுதாசி குடுங்க சார். பிடிச்சா காட்டிக்குவேன். கூட்டியாந்து அவளுக்கும் நம்ம கண்ணாடி வாய்க்கால காட்டணும்."

மறுநாள் வரைபடம் போயாக வேண்டும். "நாளைக்குக் காலையில வாங்க, தரேன்" என்றேன், தலையைத் தூக்காமலே. ஐந்து நிமிட வேலை அது. அவர் சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே பிடித்தார்களாம். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

"ஆபீஸ்ல வேலைன்னு சொன்னாராமுங்க. கடுதாசி எங்கடான்னு கேட்டு அடிச்சாங்களாம்." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அவரு சொன்ன வாய்க்கா எதுங்க?" என்றார்.

பம்பை ஓட்டினேன். உமி தூவினேன். குழந்தையைக் கண்ணாடிப் பக்கம் தூக்கிப் பிடித்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் அழுதேன்.

இன்று கொட்டகை இல்லை. கண்ணாடிகள் ஏலத்தில் போயின. ஆறே பல மாதம் மணலாகக் கிடக்கிறது. மறுநாள் காலை நான் தட்டச்சு செய்து முத்திரை வைத்த கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. வீரையன் வந்து எடுத்துக்கொள்வார் என்று, பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு சல்லிக்கல்லை வைத்திருந்தேன்.