செருப்பைக் கழற்றாதவர்

துறைமுகத்துப் பக்கம் கடற்கரையில், சர்க்கரை நோய்க்கு யோகா என்று ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தினோம். காலையெல்லாம் நோட்டீஸ் கொடுத்தது நான்தான். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்தார். வற்றிய உடம்பு, காலில் மட்டும் தடித்த ரப்பர் செருப்பு. மணலில் உட்கார்ந்ததும் அதைக் கழற்றி, சின்னக் கண்ணாடியைப் பிடித்து உள்ளங்கால் இரண்டையும் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

போட்டோ எடுக்கும் நேரத்தில் எங்கள் யோகா மாஸ்டர் அவரிடம் வந்தார். "செருப்போட யாராவது யோகா பண்ணுவாங்களா? கழத்துங்கம்மா."

"கழத்த மாட்டேன் சார். சுகர்ல காலு மரத்துக் கெடக்கு. சிப்பி கிழிச்சாலும் தெரிய மாட்டேங்கு. வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு நீங்க குடுத்த நோட்டீஸ்லதான போட்டிருக்கு."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அதைப் படித்ததே இல்லை.

"அப்போ பேனருக்குப் பின்னால போயிருங்க. போட்டோல அசிங்கமா இருக்கும்" என்றார் மாஸ்டர். அந்த அம்மா எழுந்து பேனருக்குப் பின்னால் போனார்.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வந்த மற்ற நோயாளிகள் எல்லோரும் சிப்பி மணலில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு பேனரைப் பிடித்திருக்கிறேன். நோட்டீஸைப் படித்த ஒரே ஆளைத்தான் அந்தப் பேனர் மறைத்திருக்கிறது.