புருஷன் பேர் ஒட்டிய பாட்டில்

பதினோரு வருஷம் பட்டன்காரி தன் மூத்திரத்தைத்தான் புருஷன் பேர் ஒட்டிய பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

துணி தைக்கும் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிற வேலை என்பதால் அவளுக்கு அந்தப் பேர். புருஷன் சாயப்பொடி ஆலையில், சிவப்பு ஷெட்டில் இருந்தார். மூட்டையைப் பிரித்துப் பொடியைத் தொட்டியில் கொட்ட வேண்டும், துடுப்பு போட்டுக் கலக்க வேண்டும், தொட்டியின் அடியில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்ட வேண்டும். முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளலாம். அதுவும் சொந்தத் துணி.

வருஷத்துக்கு ஒரு நாள் ஆலை டாக்டர் வாசல் அறையில் மேஜை போட்டு எல்லோரிடமும் சிறுநீர் வாங்குவார். ரத்தம் தெரிந்தால் ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஓய்வில் போனவன் எவனும் திரும்ப கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அதனால் ஷெட்டில் ஒரு வழக்கம் தானாக உண்டாகியிருந்தது. காலி பாட்டில் முதல் நாளே வீட்டுக்குப் போகும். பெண்டாட்டி, தங்கை, மகள் என்று யாராவது நிரப்பித் தருவார்கள்.

"இந்த வருஷம் என் மாமியாரோடதுடா. ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்பான் ஒருத்தன்.

"அடப்பாவி, அவங்களுக்கு சுகர். உன்னைக் கூப்பிட்டு இனிப்பைத் தொடாதேன்னு சொல்லப்போறார் டாக்டர்."

வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பட்டன்காரியின் புருஷன் அதை வீட்டில் வந்து சொல்லுவார், அவளும் சிரிப்பாள்.

சிவப்பு ஷெட் ஆட்களுக்கு மூத்திரம் சிவந்து போவது புதிதில்லை. எச்சில் சிவப்பு, வியர்வை சிவப்பு, தலையணை உறையும் சிவப்பு. பொடி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று இருந்தார்கள். அவருக்கு நிறம் கொஞ்சம் கூடினபோது, "இன்னிக்கு நல்லா பழுத்திருக்கு" என்று கழிவறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். வலி கிடையாது. வலிக்காத ஒன்றுக்காக எந்தத் தொழிலாளி ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்கிறான்?

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு தொட்டி மாற்றுவதற்காக ஷெட்டை மூடினார்கள். இருபது நாள் அவர் வீட்டில் இருந்தார். ஒரு காலை கழிவறையைக் கழுவப் போன பட்டன்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, இருபது நாளா நீங்க பொடியையே தொடல. இது எங்கேருந்து வருது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரே நீள பெஞ்சு. கன்னம் வீங்கிய லாரி டிரைவர் வாயைத் திறக்க முடியாமல் சைகையில் பேசிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் புகையிலையை அந்தக் கன்னத்தில்தான் அடக்கி வைத்திருந்தாராம். பக்கத்தில் ஒரு டீச்சர். மார்பில் கட்டியைத் தொட்டுப் பார்த்த பிறகும், மகள் பரீட்சை முடியட்டும் என்று எட்டு மாதம் மூடி வைத்தவர். கடைசியில் ஒரு சமையல்காரம்மா. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து ரத்தம் பட்டபோது, யாரிடம் சொல்வது என்று கூசியே கர்ப்பப்பை வாயில் நோயை முற்றவிட்டவர். ஆளுக்கு ஒரு இடத்தில் நோய். தள்ளிப்போட்டதற்கு ஆளுக்கு ஒரு காரணம், கேட்டால் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் இளைஞர். நேராகக் கேட்டார்.

"சிகரெட் உண்டா?"

"ஒரு நாளைக்கு நாலஞ்சு."

"வேலை?"

"சாயப்பொடி சார்."

"ரெண்டுமே இதைக் கொண்டுவரும். சிறுநீர்ப்பையில புற்று. சதைக்குள்ள இறங்கிடுச்சு. ஏன், ஆலையில டெஸ்ட் எடுக்க மாட்டாங்களா?"

"வருஷா வருஷம் எடுப்பாங்க."

"ஒண்ணுமே காட்டலையா? இது நேத்து வந்தது இல்லையே."

புருஷன் பட்டன்காரியைப் பார்த்தார். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

"காட்டல சார்" என்றார்.

சிறுநீர்ப்பையை எடுத்தார்கள். வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டினார்கள். அது அடிக்கடி கசியும். கசிந்த நாளெல்லாம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பட்டன்காரி வேலையை விட்டாள். அந்த இடத்தில் மகள் போய் உட்கார்ந்தாள், காலேஜ் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு. வீட்டில் யாரும் யாரையும் திட்டுவது நின்றுபோயிற்று. அதுதான் பட்டன்காரிக்குத் தாங்கவில்லை. நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று ஆறாவது மாதம் சொன்னார்கள்.

"நான்தாங்க உங்களைக் கொன்னுட்டேன்" என்றாள் ஒரு மத்தியானம், பையை மாற்றிக்கொண்டே.

"நான் கேட்டேன், நீ குடுத்த. விடு." மூச்சு வாங்கினார். "சின்னவனைப் பாரு. அவன் பாட்டிலை அவனே ரொப்பணும். அது ஒண்ணைப் பண்ணிடு."

சின்னவன் அவருடைய தம்பி. ஆறு வருஷம் முன்பு அவர்தான் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் கூட்டிப்போய் விட்டார். எட்டாவது மாதம் புருஷன் செத்துப்போனார்.

பட்டன்காரி சின்னவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்.

"அண்ணி, எனக்கு ஒரு கேடும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

"உங்க அண்ணனும் கல்லு மாதிரிதான் இருந்தார். உன்னுது சிவப்பா போகுதா இல்லையா?"

"ஷெட்டுல எல்லாருக்கும்தான் போகுது."

"அப்ப உன்னோடதைக் குடு. ஆரம்பத்துல கண்டுபிடிச்சா சுரண்டி எடுத்துடலாமாம். ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னார்."

"வெளிய அனுப்பிடுவான் அண்ணி. மூணு பொண்ணை வச்சிருக்கேன்."

"உயிரோட அனுப்புவான்ல?"

"உயிரோட வந்து நான் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க."

  பாட்டில் வாங்குகிற நாள் வந்ததும் பட்டன்காரி, வரிசை கூடும் முன்பே வாசல் அறைக்குள் போய் ஆலை டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பதினோரு வருஷமும் தன்னுடையதுதான் என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"சிவப்பு ஷெட் ஆளு கொண்டாந்தது தண்ணி மாதிரி தெளிவா இருந்தா, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா நல்லா இருக்கார்னு எழுதினீங்க?"

"பாட்டில்ல என்ன பேரோ அதுக்கு எழுதினேன். உள்ளதை எழுதினா பாதி ஷெட் காலி. ஷெட் காலியானா முதல்ல காலி பண்றது என் நாற்காலியை." அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத்தான் பார்த்தார். "சிகரெட் பிடிச்சாரில்ல? அதையும் நினைச்சுக்கங்க."

"என் கொழுந்தனை மட்டும் கூப்பிட்டு, உங்க எதிர்ல பாட்டிலை ரொப்பச் சொல்லுங்க சார். அவன் ஒருத்தனை."

"ஒருத்தனைச் சொன்னா ஏன்னு கேப்பாங்கம்மா. நீங்க கிளம்புங்க, ஆளுங்க வந்துட்டாங்க."

வெளியே வரிசை நின்றது. நாற்பது ஆள், கையில் நாற்பது பாட்டில். வெயிலில் எல்லாம் பளபளவென்று தெளிவாக இருந்தன. நடுவில் நின்ற சின்னவன் அவளைக் கண்டதும் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"யாரோடது?"

"அண்ணி, வீட்ல பேசிக்கலாம்."

"யாரோடதுடா?"

"சின்னக்குட்டியோடது."

அவனுடைய கடைசி மகள், ஏழு வயதுப் பிள்ளை. பட்டன்காரி அவன் கையை இழுத்து, பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகி, அங்கேயே மண்ணில் கொட்டினாள்.  காலிப் பாட்டிலை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"உள்ள போய் உன்னோடதை ரொப்பிட்டு வா. உங்க அண்ணன் கேட்டது இது ஒண்ணுதான்."

சின்னவன் அழுதான். ஆனால் நகரவில்லை. வரிசை ஒரு அடி முன்னால் போயிற்று. அவனுக்குப் பின்னால் நின்ற ஆள், அவள் புருஷனோடு ஒரே தொட்டியில் துடுப்பு போட்டவர், பாடை தூக்க வந்தவர், தன் பாட்டிலின் மூடியைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சின்னவனின் பாட்டிலில் பாதியை ஊற்றினார். "பிடிடா. பாதி இருந்தாப் போதும்."