தள்ளுகிற எஞ்சினின் பின்பக்கம்

கம்பளை நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதற்குள் சாஹுல் நானா வந்துவிடுகிறார். இங்கே துணிக்கடை வைத்திருக்கிறார்; தகரத்தை வெட்டி ரயில் செய்வதில் பைத்தியம். போன பயணத்தில் பழக்கமாகி, அண்ணன் முறையில் எனக்கு நானா ஆனவர். கூடையிலிருந்து அவர் எடுக்கிற எஞ்சினின் முன்பக்கம் அச்சு அசல். பின்பக்கம் வெறும் மொட்டைத் தகரம்.

"கடுகண்ணாவை ஏத்தத்துல பின்னால நின்டு தள்ளுற எஞ்சின் தம்பி இது. கொழும்புலேருந்து வாறப்ப நான் வண்டிக்குள்ள இருக்கன், வளைவுல அதுட முகம் மட்டுந்தான் தெரியும். அதுட முதுகு எனக்கு எப்படித் தெரியும்?"

தயங்கித் தயங்கி என் படத்தை எடுக்கிறேன். கடுகண்ணாவையில் தண்டவாள ஓரம் நின்று இரவல் கேமராவில் பிடித்தது. நான் அழுத்துவதற்குள் வண்டி முந்திக்கொண்டதால், கடைசியில் தள்ளிக்கொண்டு போன எஞ்சினின் பின்புறம்தான் விழுந்திருக்கிறது. "படிச்ச பிள்ளை எடுத்த படத்துல ஆளே இல்லையே" என்று அம்மா வருத்தப்பட்ட படம்.

"கெட்டுப்போச்சு நானா."

"கெட்டதா? விளக்கு, ஏணி, கரிப்பெட்டி எல்லாம் இருக்கே! விசரா தம்பி உங்களுக்கு?" அங்கேயே குந்தி, ஆணியால் தகரத்தில் கோடு கீறத் தொடங்குகிறார்.

கார்டு விசில் ஊதுகிறார். ஏணி பாதிதான் ஆகியிருக்கிறது. மனமில்லாமல் படத்தை நீட்டுகிறார் நானா.

"நீங்களே வச்சுக்குங்க."

"அப்ப உங்களுக்கு?"

"முடிச்ச எஞ்சினைக் காட்டுங்க, போதும்."

வண்டி நகர்கிறது. நானா வடைக்காரரை மறித்து, "பாருங்க, எங்கட தம்பி எடுத்தது!" என்கிறார். வடைக்காரர் தன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்க்கிறார். நான் ஜன்னலிலிருந்து இருவரையும் கும்பிடுகிறேன்.