வீட்டை இழுக்க ஒரு ஜீப்

என் வீட்டுக்காரருக்கு ஆசை வருவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆசையோடு மூளையையும் கூட்டிக்கொண்டு வரும் பழக்கம்தான் அவருக்குக் கிடையாது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் குமுளிக்குப் போனவர், வெள்ளைக்காரர் ஒருவர் தன் வண்டிக்குப் பின்னால் சக்கரம் வைத்த வீடு ஒன்றை மாட்டி இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். சின்னமனூருக்கு வந்து சேர்ந்ததும் நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார்.

தேனியில் டிராக்டருக்கு டிரெய்லர் செய்யும் பட்டறை ஒன்றில் அந்த வீடு தயாரானது. கரும்பும் வாழைத்தாரும் ஏற்றுகிற டிரெய்லரைத்தான் அவர்களுக்குச் செய்யத் தெரியும். அதையே கொஞ்சம் உயர்த்தி, கூரை போட்டு, ஜன்னல் வைத்துக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு இரும்புக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு. போதாததற்கு ஒரு பீரோ. ஒரு நாள் தங்கப் போகிற இடத்தில் பீரோவில் எதை வைத்துப் பூட்டப் போகிறார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. டிரெய்லர் சக்கரத்துக்கும் பிரேக் வைக்கட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டாராம். இழுக்கிற வண்டியில்தான் பிரேக் இருக்கிறதே என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். அதை ஏதோ பெரிய சாமர்த்தியம் மாதிரி என்னிடம் சொல்லவும் செய்தார்.

பிறகு வண்டி தேடும் படலம். இவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. கொஞ்ச காலம் கூடலூரிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவர். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு உலகத்தில் இருக்கும் எல்லா வண்டிக்கும் ஜாதகம் சொல்வார். இருவரும் வாரக்கணக்கில் அலைந்தார்கள். வண்டி பார்ப்பது என்றால் என்ன? முன்பக்க பம்பரைத் தட்டுவது, ஹாரனை அடிப்பது, இன்ஜினை உறுமவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுவது. பெண் பார்க்கப் போகிறவர்களாவது வீட்டில் நாலு கேள்வி கேட்பார்கள். இவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். மேட்டில் இழுக்குமா?

கடைசியில் இரண்டு வண்டி மிஞ்சியது. ஒன்று பழைய டீசல் கார். இன்னொன்று கூடலூர் ஜீப். மேட்டில் இருபது பேரைச் சுமந்த வண்டி என்று கூட்டாளி அந்த ஜீப்புக்குப் பரிந்து பேசினார். நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் அப்பா வீட்டில் மாட்டுவண்டி இருந்தது. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் மாட்டை எப்படி நெட்டித் தள்ளும் என்று பார்த்து வளர்ந்தவள். ஜீப்பை விட அந்த இரும்பு வீடு கனம். அதனால் கேட்டேன்.

"ஏறும், சரி. எறங்கும்போது நிக்குமான்னு யாராச்சும் கேட்டீகளா?"

கூட்டாளி சிரித்தார். இறங்குவதற்கு இன்ஜினே தேவையில்லை மதினி, அது பாட்டுக்கு வரும் என்றார். அது பாட்டுக்கு வரும் என்பதுதான் என் பயமே என்று சொன்னேன். இருவரும் காதில் வாங்கவில்லை.

எந்த வண்டி என்று தீர்மானிக்க அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பூ வந்தால் கார், வெள்ளைப் பூ வந்தால் ஜீப். இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு பொட்டலம் கட்டச் சொன்னேன். பூசாரி கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் ஐந்து வயது மகளை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பூ வந்தது. இரண்டு தப்பில் ஒன்றை அம்மன் எடுத்துக் கொடுத்துவிட்டாள், அவள் என்ன செய்வாள் பாவம்.

முதல் பயணம் மேகமலைக்கு. நான் வர முடியாது என்றேன். அப்படியானால் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். ஏறி உட்கார்ந்தேன். வேறு வழி?

ஏறும்போது ஜீப் உண்மையிலேயே இழுத்தது. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் இவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தேயிலையைப் பார்த்தேன். மேலே போய், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பீரோ வைத்த வீட்டை வந்தவர் போனவருக்கெல்லாம் திறந்து காட்டினார். அட்டை கடித்த காலோடு நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் இறங்கினோம். கூட்டாளிதான் ஓட்டினார். எட்டிப் பின்னால் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று இவர் முன்னால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பின் சீட்டில், மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலைந்து வளைவு ஒழுங்காகத்தான் போனது. பிறகு கருகல் வாடை வந்தது. கூட்டாளி பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார், வண்டி போய்க்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து வீடு ஜீப்பைத் தள்ளியது. நான் மகளை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது முன் சீட்டில் இவர் இல்லை.

கூட்டாளி ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, ரோட்டோர ஓடைப் பள்ளத்தில் ஜீப்பை இறக்கினார். டிரெய்லர் கரையில் மோதி நின்றது. உள்ளே பீரோ விழுந்த சத்தம் கேட்டது. மகள் விழித்து அழ ஆரம்பித்தாள். கூட்டாளி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த நிமிஷத்தில் மட்டும் அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, மேலே இருந்து இவர் ஓடி வந்தார். கையில் ஒரு கல். சக்கரத்துக்கு அடியில் போடத்தான் குதித்தேன் என்றார். நின்றுபோன வண்டியின் சக்கரத்துக்கு அடியில் அந்தக் கல்லைப் பதமாக வைக்கவும் செய்தார். பிறகு பின்னால் போய் டிரெய்லர் மாட்டியிருந்த கொக்கியைக் குனிந்து பார்த்தார். கொக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல இரும்பு என்று அங்கிருந்தே சொன்னார்.

அதன் பிறகுதான் என் பக்கம் வந்தார். முகத்தில் கோபம் இருந்தது.

"ஆபத்துன்னா குதிக்கணும்னு தெரியாதா? நீ ஏன் குதிக்கல?"

"மடியில பிள்ளை இருந்துச்சு" என்றேன்.

அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார்.